ஹோம் சயன்ஸ்தான் படிக்கேன்

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேரும் இருப்பிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். தாராவியிலிருந்து வருகிறவர்கள் பம்பாயில் அந்தப் பேரைச் சட்டென்று சொல்ல மாட்டார்கள். சயான் என்பார்கள். மாஹிம் என்பார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்பார்கள். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்து தன் பேரைச் சொல்லி, "தாராவி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேராசிரியை, அவருக்கு உதவி செய்வதாக நினைத்து, "சயான் பக்கம், இல்லையா?" என்று எடுத்துக் கொடுத்தார். அவர் மறுபடி எழுந்தார். "சயான் இல்லை மேடம். தாராவி."

அதுவரை அவரைப் புரொஜக்டர் சரிசெய்ய வந்தவர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். எம்.எஸ்.சி. ஹோம் சயன்ஸ் வகுப்பில் எல்லோரும் பெண்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்தொன்று வயது. அவர் ஒருவர்தான் ஆண். முப்பதைத் தாண்டியவர். நெற்றி மேலேறத் தொடங்கியிருந்தது. முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்து விட்டிருந்தார். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டே தபாலில் பி.ஏ. முடித்தவர். எங்கள் கல்லூரியில் அந்த வருடம்தான் இந்தப் படிப்புக்கு ஆண்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதியை மாற்றியிருந்தார்கள். விண்ணப்பித்த ஒரே ஆண் அவர்.

வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை மாட்டுங்கா என்பார். "ஏ மாட்டுங்கா, டீ குடிக்க வாரியா?" நான் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் உள்ள ஒரு பழைய கட்டடத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா பாங்க்கில் இருந்தார். நான் இந்தப் படிப்பில் சேரப்போவதாகச் சொன்னபோது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஆத்தைப் பாத்துக்கறதுக்கு எதுக்குடி எம்.எஸ்.சி.? உங்கம்மா எந்தக் காலேஜ்ல படிச்சா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் "ஹியூமன் டெவலப்மென்ட்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பொய் இல்லை. எங்கள் சிறப்புப் பாடம் அதுதான், பிறந்தது முதல் மனிதர்கள் எப்படி வளர்கிறார்கள் என்பது. ஆனால் அந்தப் பேரைச் சொன்னால் ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய வேலைக்குப் படிப்பதைப்போல ஒரு தோற்றம் வரும். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் ஒருவர் மட்டும்தான் சொல்லவில்லை.

ஒருநாள் கிங்ஸ் சர்க்கிளில் ஓட்டல் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய பழைய பட்டறைக்கு பக்கிள்கள் சப்ளை செய்கிறவர் ஸ்கூட்டரை நிறுத்தி அவரிடம் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், வயதானவர், அன்பாகத்தான் கேட்டார்.

"என்ன தம்பி, வேலைய விட்டுட்டீராமே. என்ன படிக்கீரு? கம்ப்யூட்டரா?"

"இல்ல பாய். ஹோம் சயன்ஸ்."

"அப்படின்னா?"

"குடும்பம், வீடு, பிள்ளை வளக்கது. அதைப் பத்தின படிப்பு. நான் பிள்ளை வளக்கதைப் படிக்கேன்."

பாய் என்னைப் பார்த்தார். நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். "பொம்பளைப் பிள்ளைக படிக்கதுல்லா அது" என்றார் பாய்.

"ஆமா. கூட நானும் படிக்கேன்."

பாய் போன பிறகு, "டெவலப்மென்ட்னு சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றேன். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு தடவ வேற பேரு சொல்லிட்டேன்னு வை, அடுத்த தடவயும் அதையே சொல்லணும். பெறவு நான் என்ன படிக்கேன்னு எனக்கே மறந்து போயிரும்."

அவரைப் பற்றி எதைச் சொல்லத் தொடங்கினாலும் இந்தக் குணத்தில்தான் வந்து நிற்கும். கேட்பவருக்கு இதமாக இருக்கட்டும் என்று எதற்கும் அவர் வேறு பேர் சொன்னதில்லை. எல்லா நேரமும் அது ரசிக்கும்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்களோடு படித்த ஒரு குஜராத்திப் பெண்ணின் அம்மா இறந்துபோனாள். மகள் வகுப்புக்குத் திரும்பி வந்த அன்று நாங்கள் ஆளாளுக்கு "அதைக் கேள்விப்பட்டோம்", "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி நகர்ந்தோம். இவர் நேராக அவள் எதிரில் போய் உட்கார்ந்து, "உன் அம்மா செத்துப்போயிட்டாங்கன்னு சொன்னாங்க. எப்படிச் செத்தாங்க?" என்று இந்தியில் கேட்டார். எனக்கு உடம்பு கூசியது. யாராவது இவரை எழுப்பி வெளியே கூட்டிப்போனால் தேவலை என்று இருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரி, டாக்டர், கடைசியாக அம்மா தண்ணீர் கேட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். மதிய வகுப்பு தொடங்கியும் அவள் நிறுத்தவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை யாரிடமாவது இப்படிக் கேட்டு அது வேறு மாதிரி முடிந்திருக்கலாம். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவர் ஏன் இதைப் படிக்க வந்தார் என்பதை அவர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தங்கை பிறந்தாள். அப்பா பட்டறையில். அம்மா செம்பூரில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற சில வாரங்களில் வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்த வீடுகள் கைவிட்டுப் போய்விடும். அதனால் கைக்குழந்தை இவர் கையில் வந்தது. காலையில் பால் காய்ச்சிக் கொடுப்பது, துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது எல்லாம் இவர்தான். அம்மா திரும்பிய பிறகு மதியத்தில்தான் பள்ளிக்கூடம் போவார். "அவளுக்கு நான் அம்மா இல்ல. அவன்தான் அம்மா" என்றாள் அந்த அம்மாள், அதில் பெருமையும் ஏக்கமும் சேர்ந்திருந்தன.

இரண்டாம் பருவத்தில் எங்களுக்குக் காப்பகப் பயிற்சி வந்தது. கல்லூரி வளாகத்திலேயே துறை நடத்தும் ஒரு குழந்தைகள் காப்பகம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் வேலைக்குப் போகிற பெற்றோர் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டுச் சாயங்காலம் அழைத்துப்போவார்கள். நிரந்தரமாக வேலை பார்க்கிற மராத்திப் பெண்கள் இருவர். எல்லோரும் அவர்களை மௌஷி என்போம், சித்தி மாதிரி. மாணவிகள் மாறி மாறிப் போய் மௌஷிகளோடு வேலை செய்ய வேண்டும். எங்களில் பாதிப்பேருக்குக் குழந்தையைத் தூக்கவே தெரியாது. நான் தூக்கியதும் ஒரு குழந்தை என் தோளில் வாந்தி எடுத்து அழுதது, நானும் அழுதேன். அவர் உள்ளே நுழைந்து, கையைக் கழுவி, ஒரு பையனைத் தூக்கி முன்னங்கையில் குப்புறப் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினார். பெரிய மௌஷி இன்னொருத்தியைப் பார்த்து, "இவனுக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை" என்றாள்.

சில வாரங்கள் அப்படிப் போயின. பிறகு ஒரு பெண் குழந்தையின் அப்பா சீக்கிரமே வந்தவர், துணி மாற்றும் அறையிலிருந்து தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆண் வெளியே வருவதைப் பார்த்தார். அன்றைக்கே துறைத் தலைவியிடம் போய்ப் பேசினார். மறுநாள் வேறு சில பெற்றோரும் பேசினார்கள்.

துறைத் தலைவி கெட்டவர் இல்லை. இவரைச் சேர்த்துக்கொள்ள விதியை மாற்றப் போராடியவரே அவர்தான். ஆனால் பயந்துவிட்டார். இவரை அழைத்து, காப்பகத்துக்குள் போக வேண்டாம், அலுவலக அறையில் உட்கார்ந்து கவனிப்புக் குறிப்புகளைத் தொகுத்தால் போதும், மதிப்பெண்ணில் குறை வைக்க மாட்டேன் என்றார். இல்லையென்றால் உணவியல் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம், அங்கே ஆண்கள் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார்.

"சோறாக்க எனக்குத் தெரியும் மேடம். இதைப் படிக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் அவர் அலுவலக அறைக்குப் போகவில்லை. காப்பக வாசலில் குழந்தைகள் தாண்ட முடியாதபடி ஓர் அரைக் கதவு உண்டு. அதற்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பயிற்சி நேரம் முழுவதும் அங்கேயே இருந்தார். அடுத்த நாளும் வந்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. குழந்தைகள் அரைக் கதவுக்கு மேலே பொம்மைகளை நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். வருகிற போகிற பெற்றோர் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் யாரையும் முறைக்கவும் இல்லை, எழுந்து வழிவிட்டு நல்ல பிள்ளை என்று காட்டிக்கொள்ளவும் இல்லை.

எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் அவர் பக்கம். மீதிப்பேர், "எனக்குக் குழந்தை இருந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன்" என்றார்கள். நான் அதைப் போய் அவரிடம் கோபமாகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"அவங்க சொல்லுதது சரிதானே. நானும் அப்படித்தான் கேப்பேன்."

"அப்புறம் எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

"கேக்கது சரி. பதிலு அது இல்ல."

பெற்றோரைக் கூட்டி ஒரு கூட்டம் வைத்தார்கள். குழந்தைகளின் சின்ன நாற்காலிகளில் முழங்கால் மார்பில் இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் புகார் சொன்ன அப்பா மரியாதையான மனிதர். எழுந்து நின்று, "உங்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்றுமில்லை. ஆனால் நான் பேப்பர் படிக்கிறேன்" என்றார்.

இவர் பம்பாய் இந்தியில்தான் பதில் சொன்னார். "நானும் படிக்கிறேன் சார். உங்கள் பயம் நியாயமானது. அது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். துணி மாற்றும் அறையின் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒரு குழந்தையோடு ஒரே ஆள் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர் வேண்டும். பெற்றவர்கள் யாரும் எந்த நேரமும் சொல்லாமல் உள்ளே வரலாம். இதெல்லாம் எனக்குச் சம்மதம். ஆனால் இந்த விதி மௌஷிக்கும் உண்டு. மாணவிகளுக்கும் உண்டு. மேடத்துக்கும் உண்டு. ஆண் என்பதால் எனக்கு மட்டும் என்றால் முடியாது. எனக்கு மட்டும் போட்டால், என்னை வெளியே உட்காரவைத்ததும் ஆபத்து போய்விட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். உள்ளே கதவு மூடியே இருக்கும்."

பெரிய மௌஷி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் தலை இங்கேதான் நரைத்தது. என்னையும் சந்தேகப்படச் சொல்கிறாயா?" என்று கேட்டாள்.

"ஆமாம் மௌஷி. உங்களையும்" என்றார் அவர்.

என்னால் மௌஷியைப் பார்க்க முடியவில்லை. கூட்டத்திலேயே கஷ்டமான நேரம் அதுதான். ஆனால் அவர் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பின் வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "கதவைக் கழற்றுங்கள். யார் இருந்தாலும் சரி, கழற்றுங்கள்" என்றாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கதவைக் கழற்றினார்கள். விதி எல்லோருக்கும் பொது என்று ஆனது. அவர் உள்ளே போனார். மௌஷி பல நாட்கள் அவரோடு பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் தினமும் டீ வந்ததும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். ஒருநாள் அவளே ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

புகார் சொன்ன அப்பாவுக்கு இது போதவில்லை. மகளை வேறு இடத்தில் சேர்ப்பதாகச் சொல்லி வந்து கூட்டிப்போனார். அன்று நாங்கள் இருவரும் வாசலில் இருந்தோம். அந்தக் குழந்தைக்கு இவரிடம் ஒட்டுதல் அதிகம். அப்பாவின் தோளிலிருந்து இவர் பக்கம் சாய்ந்து இரண்டு கைகளையும் நீட்டியது. இவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "போயிட்டு வா" என்று மட்டும் தலையை ஆட்டினார். அந்த அப்பா கேட்டைத் தாண்டும் வரை கைகளைப் பிரிக்கவில்லை.

"கஷ்டமா இருக்கா அண்ணா?" என்றேன். வேறு யாராக இருந்தாலும் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"ஆமா. ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார்.

தங்கையின் கல்யாணப் பேச்சு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். அவள் பி.காம். முடித்துவிட்டு செம்பூரில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை வீடு முலுண்ட், தென்காசிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், பையன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தான். படித்த பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் அம்மா என்னையும் வரச் சொல்லியிருந்தாள். தாராவியில் அவர்கள் வீடு ஒரே அறை, மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு பரண் அறை. எல்லாவற்றையும் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன் அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எய்யா, ஒனக்குப் புண்ணியமாப் போகும். எம்.எஸ்.சி.ன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

"கேக்கலன்னா சொல்ல மாட்டேன்மா."

கேட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாதான் கேட்டார். இவர் சொன்னார். ஹோம் சயன்ஸ் என்றார். அவர் புரியாமல் பார்த்ததும், "குழந்தைக் காப்பகத்துல பயிற்சி எடுக்கேன். சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவேன், துணி மாத்துவேன், தூங்க வைப்பேன்" என்று விளக்கமாகவே சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா, "சம்பளம் குடுக்காங்களா?" என்று கேட்டார். "இல்ல, நாங்கதான் ஃபீஸ் கட்டுதோம்" என்றார். பிறகு அவர்கள் வெயிலைப் பற்றியும் ரயில் கூட்டத்தைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை. வேறு ஆள் மூலமாகக் கேட்டதில், ஆயா வேலை பார்க்கிற ஆம்பளை வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னதாகத் தெரிந்தது.

தங்கைக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நான் அடுத்த முறை போனபோது அவள் பரணிலிருந்து இறங்கி வரவில்லை. அங்கிருந்தே பேசினாள்.

"ஒன் வீம்புக்கு என் கல்யாணமா கெடச்சுது? ஒரு வார்த்தை முழுங்கியிருந்தா என்ன? நீ என்னைய வளத்தேன்னா, நீயே கெடுக்கணுமா?"

அவர் ஏணியின் அடியில் நின்றார். ஒரு படியைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன வளத்ததைத்தானே ஏட்டி அவங்ககிட்டச் சொன்னேன். அதையா முழுங்கச் சொல்லுத?" என்றார்.

எனக்கு அன்று அவர்மேல் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது சரி என்று பட்டது, ஆனாலும் கோபம் வந்தது. அவருடைய உறுதிக்கு இன்னொருத்தி விலை கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார்.

அடுத்த வருடம் செம்பூரிலிருந்து இன்னொரு வரன் வந்தது. இந்த முறை இவர் பேச்சே எடுக்காமல் சுவரோரம் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்ததும் தங்கையே பேசினாள். "எங்கண்ணன் ஹோம் சயன்ஸ் படிக்கான். பிள்ளை வளக்கது. என்னையும் அவன்தான் வளத்தான். இது சரிப்படலன்னா இப்பவே சொல்லிருங்க, வடை சூடு ஆறதுக்குள்ள." அந்தப் பையன் சிரித்துவிட்டான். "அப்ப நம்ம பிள்ளையையும் அவரே பாத்துக்குவாரா?" என்றான். "மாட்டான். ஒங்களுக்குச் சொல்லித் தருவான்" என்றாள் அவள். கல்யாணம் நடந்தது. நாங்கள் வகுப்போடு போய்ச் சாப்பிட்டோம்.

எங்களுக்கெல்லாம் பட்டம் கிடைத்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய ஆய்வு தாராவியில் கைக்குழந்தைகளை வளர்க்கும் அப்பாக்களைப் பற்றியது. மனைவி வேலைக்குப் போய்விட, வீட்டிலேயே தைத்துக்கொண்டும் அப்பளம் காயவைத்துக்கொண்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆண்கள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நன்றாகத்தான் பேசினார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். தலைப்பில் ‘குழந்தை வளர்க்கும் அப்பாக்கள்’ என்று இருப்பதை ‘குழந்தை வளர்ப்பில் உதவும் அப்பாக்கள்’ என்று மாற்ற வேண்டும். முன்பு வந்த ஆய்வுகளோடு ஒத்துப்போக அதுதான் வசதி என்றார். இவர், "யாருக்கு உதவி மேடம்? அது அவன் பிள்ளை" என்று கேட்டார். தேர்வாளர் மாற்றிக் கொண்டுவரச் சொன்னார். இவர் மாற்றவில்லை. எங்கள் பேராசிரியைகள் கெஞ்சினார்கள். நானும் சொன்னேன், ஒரு வார்த்தைதானே அண்ணா என்று. அடுத்த பருவத்தில் வேறு தேர்வாளர் வந்து, தலைப்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கல்லூரியிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் அதற்குள் வந்து போயிருந்தார்கள்.

பிறகு ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டது. மேலாளர் பதவி, நல்ல சம்பளம், தனி அறை. ஒரே நிபந்தனை, குழந்தைகள் இருக்கும் அறைக்குள் அவர் போகக் கூடாது, வாடிக்கையாளர்கள் விரும்ப மாட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு செம்பூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்னக் காப்பகத்தில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கே அவர் வேலை, குழந்தை அறையில்.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, நாங்களும் செம்பூருக்கு வந்துவிட்டோம். மகள் பிறந்தாள். பிரசவ விடுப்பு முடியப்போகிற சமயத்தில் அந்தக் காப்பகத்தைப் பற்றியும் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அண்ணாவைப் பற்றியும் என் கணவரிடம் சொன்னேன். அவர் வாஷியில் வேலை பார்க்கிறவர், நிதானமானவர். "ஆம்பளையா?" என்று மட்டும்தான் கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் பதில் இருந்தது. இத்தனை வருடமாக அண்ணாவைத் தெரிந்தவள் நான். தெரிந்திருந்தும் பயமாக இருந்தது. அவருக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"பயமா இருக்குன்னு சொல்லு மாட்டுங்கா. அதுல என்ன இருக்கு? பிள்ளைய விடப் போறவ பயப்படத்தான் செய்யணும். என்னிக்கு வாரேன்னு எங்கிட்டச் சொல்லாத. வந்து பாரு."

சொல்லாமல் போனேன். வரவேற்பில் இருந்த பெண் எதுவும் கேட்காமல் உள்ளே கையைக் காட்டினாள். குழந்தை அறையில் கதவு இல்லை. அவர் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு பெண் ஒரு பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாவின் தலை முன்பக்கம் இன்னும் நிறைய வழுக்கையாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. உதட்டில் விரலை வைத்துவிட்டு, என் செருப்பைச் சுட்டிக்காட்டினார். நான் அதைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தேன். சமையலறை, கழிப்பறை, பின்வாசல் எல்லாவற்றையும் தனியாகச் சுற்றிப் பார்த்தேன். யாரும் கூட வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மகளைக் கொண்டுபோய் விட்டேன். கை மாறிய உடனே அலறத் தொடங்கினாள். முன்பு பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் ஓடி வந்து, "அழக் கூடாது, அம்மா இதோ வந்துருவாங்க, கடைக்குத்தான் போறாங்க" என்று கொஞ்சினாள். அவள் நோக்கம் நல்லது. எனக்கும் அதையே சொல்லிவிட்டு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

அவர் குழந்தையைத் தோளில் போடாமல், முகத்தோடு முகம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டார். அவள் கால்களை உதைத்தாள். அவர் சத்தத்தை உயர்த்தவில்லை, பெரியவர்களிடம் பேசுவதைப்போலவே பேசினார்.

"அம்மா இப்ப வர மாட்டா. ஆபீசுக்குப் போறா. சாயங்காலம்தான் வருவா. அது வரைக்கும் நான் இருக்கேன். ஒனக்கு அழணும்னா அழு."

அவள் அழுதாள். அவர் ஆட்டவும் இல்லை, பாட்டுப் பாடவும் இல்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "போ" என்றார். நான் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். முனை திரும்பும் வரை அவள் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.